யாருடைய தேசியப் போட்டி?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டும் சமூக நீதியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கிரிக்கெட்டைப் பற்றியோ கபடியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் டென்னிஸைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் நூறாண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு பொதுப் பூங்காவில் நடந்த போட்டியைப் பற்றி.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 'தேசியம்', 'தகுதி', 'சாதனை' என்ற சொற்களை நாம் தினமும் கேட்கிறோம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே தகுதி என்ற சொல்லை எடுத்து நம் முன்னால் வைக்கிறார்கள். அந்தச் சொல் எப்படித் தயாராகிறது, எந்தக் கதவைச் சாத்திவிட்டுத் தயாராகிறது என்பதை அந்தப் போட்டியின் வரலாறு வெளிப்படையாகக் காட்டுகிறது. அதனால்தான் அதை இங்கே கொண்டு வருகிறேன்.

1917 ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் அந்த ஒரே மாதத்தில் இரண்டு தேசிய டென்னிஸ் போட்டிகள் நடந்தன.

ஒன்று, நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில், வெஸ்ட் சைடு டென்னிஸ் கிளப்பின் புல்தரையில் நடந்தது. இதை நடத்தியது 1881இல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசியப் புல்தரை டென்னிஸ் சங்கம். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. அதனால் வழக்கமான பட்டத்துக்குப் பதிலாக 'தேசபக்திப் போட்டி' என்று பெயர் வைத்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட அதை நடத்தினார்கள்.

இன்னொன்று, பால்டிமோரின் டிரூயிட் ஹில் பூங்காவில் நடந்தது. இதை நடத்தியது பிறந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு சங்கம். வாஷிங்டனையும் பால்டிமோரையும் சேர்ந்த கறுப்பின டென்னிஸ் கிளப்புகள் முன்கை எடுக்க, பல நகரங்களின் கிளப்புகள் கூடி 1916 நவம்பர் 30 அன்று வாஷிங்டனில் அதைத் தொடங்கின. அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கவனியுங்கள். அதில் 'கறுப்பு' என்றோ 'நிறத்தவர்' என்றோ ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் அமெரிக்கர்கள், நாங்கள் டென்னிஸ் ஆடுகிறோம், அவ்வளவுதான் அந்தப் பெயர் சொன்னது.

ஏன் இரண்டு போட்டிகள்? முதல் போட்டியில் கறுப்பின மக்கள் ஆட முடியாது என்பதால்தான்.

எழுதப்படாத விதி

எப்படி ஆட முடியாமல் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 'கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் பலகை மாட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 1881இல் நியூபோர்ட் என்ற ஊரில், பணக்காரர்கள் கோடைக்காலத்தைக் கழிக்கும் கேசினோ ஒன்றில், முதல் தேசியப் போட்டியை நடத்தியபோதே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சங்கத்தில் உறுப்பாக உள்ள கிளப்புகளைச் சேர்ந்தவர்கள்தான் போட்டியில் ஆடலாம். கிளப்புகளோ தனியாருடையவை. யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம். அவர்கள் கறுப்பரைச் சேர்ப்பதில்லை. ஆகவே கறுப்பர் யாரும் தேசியப் போட்டிக்குப் போவதில்லை.

பிற்காலத்தில் கிளப் உறுப்பினர் என்பதோடு தரவரிசையும் சேர்ந்துகொண்டது. பெரிய போட்டியில் ஆட, அதற்கு முன் சிறிய போட்டிகளில் ஆடிப் பெயர் எடுத்திருக்க வேண்டும். சிறிய போட்டிகள் நடப்பது கிளப்புகளின் ஆடுகளத்தில். அந்தக் கிளப் உங்களை உள்ளே விடாது. 'நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லை, இவருக்குப் போதிய ஆட்ட அனுபவம் இல்லை' என்று மேலே இருப்பவர் சொல்லிவிடலாம். தடுப்பது ஒரு கை, தகுதி இல்லை என்று சொல்வது இன்னொரு கை. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்க் கிணற்றில் 'இன்னார் தண்ணீர் எடுக்கக் கூடாது' என்று யார் எழுதி வைத்தார்கள்? எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

'தேசிய' என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்கக் குடிமக்கள் மட்டும் ஆடுகிற போட்டி என்று அதற்குப் பொருளா? இல்லை. 1903இல் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் லாரன்ஸ் டோஹர்ட்டி, ஓர் ஆங்கிலேயர். 1915 முதல் 1918 வரை பெண்கள் பிரிவில் தொடர்ந்து வென்றவர் மோலா பியூர்ஸ்டெட். அவர் நார்வே நாட்டுக்காரர். நான் சொன்ன அந்த 1917ஆம் ஆண்டில் பெண்கள் பிரிவில் வென்றவரும் அவர்தான். சரி, வெள்ளை நிறத்தவர் எந்த நாட்டிலிருந்தும் வரலாம் என்று வைத்திருந்தார்களா? அதுவும் இல்லை. அதே ஆண்டுகளில் ஜப்பானைச் சேர்ந்த இச்சியா குமாகே அமெரிக்கப் போட்டிகளில் ஆடினார். 1918இல் அரையிறுதி வரை போனார். 1921இல் டேவிஸ் கோப்பைக்காக இந்திய அணி சிகாகோ பகுதிக்குப் போய் ஜப்பான் அணியோடு ஆடியது.

ஆங்கிலேயர் ஆடலாம், நார்வேக்காரர் ஆடலாம், ஜப்பானியர் ஆடலாம், இந்தியர் வந்து ஆடிவிட்டுப் போகலாம். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்து, பருத்தி பறித்து, வீடு கட்டி, குழந்தை வளர்த்துக் கொடுத்த மக்களின் பிள்ளைகள் மட்டும் ஆடக் கூடாது. வெளியிலிருந்து வருபவர் விருந்தாளி. விருந்தாளியோடு சமமாக ஆடினால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. ஆடிவிட்டுப் போய்விடுவார். தனக்குக் கீழே என்று தான் வைத்திருப்பவர் சமமாக வந்து எதிர்ப்பக்கம் நின்றால், வலைக்கு அந்தப் பக்கம் இருந்து பந்தைத் திருப்பி அடித்தால், மேல் கீழ் என்ற ஏற்பாடு முழுவதும் ஆடிப் போகும். பயம் அதில்தான் இருந்தது.

பால்டிமோர், 1917

அந்த ஆண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1896இலேயே உச்ச நீதிமன்றம் 'பிரித்து வைக்கலாம், சமமாக வைத்தால் போதும்' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1910 டிசம்பரில் பால்டிமோர் நகரம் ஒரு சட்டம் போட்டது. ஒரு தெருப் பகுதியில் வெள்ளையர் அதிகமாக இருந்தால் அங்கே கறுப்பர் குடிவரக் கூடாது. கறுப்பர் அதிகமாக இருந்தால் வெள்ளையர் குடிவரக் கூடாது. ஒரு கறுப்பின வழக்கறிஞர் வெள்ளையர் தெரு ஒன்றில் வீடு எடுத்துக் குடிபுகுந்ததுதான் அதற்குத் தூண்டுதல். நகரத்தையே சட்டம் போட்டு ஊராகவும் சேரியாகவும் பிரித்தார்கள். மற்ற நகரங்களும் அதைப் பார்த்து அதேபோல் சட்டம் செய்தன. இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1917 நவம்பரில், டிரூயிட் ஹில் போட்டி முடிந்து மூன்று மாதங்கள் கழித்து.

1917 ஜூலைத் தொடக்கத்தில் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தில் கறுப்பின மக்களை வீடு புகுந்து கொன்றார்கள், குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். ஜூலை 28 அன்று நியூயார்க்கில் ஏறத்தாழ பத்தாயிரம் கறுப்பின மக்கள், குழந்தைகள் உட்பட, வாய் திறக்காமல் ஊர்வலம் போனார்கள். முரசொலி மட்டும் கேட்ட ஊர்வலம் அது. அதற்கு அடுத்த மாதம்தான் இந்த டென்னிஸ் போட்டி.

'மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது டென்னிஸ் ஒரு கேடா' என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் எப்போதும் அழுதுகொண்டும் செத்துக்கொண்டும் மட்டுமே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஆதிக்கத்தின் எதிர்பார்ப்புதான். அவர்கள் வெள்ளை உடுத்தி, மட்டை எடுத்து, மாலை வெயிலில் சிரித்துக்கொண்டு ஆடுவதைப் பொறுக்க முடியாத சமூகம் அது. அங்கே ஆடுவதற்கே ஒரு துணிவு வேண்டியிருந்தது.

அந்த முதல் போட்டியில் ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர் என மூன்று பிரிவுகள். ஆண்கள் பட்டத்தை வென்றவர் டாலி ஹோம்ஸ். பெண்கள் பட்டத்தை வென்றவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. விளையாட்டில் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்று இன்று குறிப்பிடப்படுபவர் இவர்.

ஸ்லோ யார்? வர்ஜீனியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்தவர். பால்டிமோரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த உயர்நிலைப் பள்ளியில் படித்து, உதவித்தொகை பெற்று ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கறுப்பின மாணவியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆங்கில ஆசிரியர். பட்டம் வென்றபோது அவர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1922இல் ஹோவர்டில் மாணவியருக்கான முதல் முதல்வராக, அதாவது டீனாக, பொறுப்பேற்றார். 1937இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வெளியே நிறவெறியோடும், தன் சொந்த நிறுவனத்துக்குள்ளே ஆண்களின் ஆதிக்கத்தோடும் ஒரே நேரத்தில் மோதியவர் அவர்.

இன்னொரு செய்தி. ஸ்லோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஆண்டு 1915. அதே பல்கலைக்கழகத்தில், அதே 1915இல், முதுகலைப் பட்டம் பெற்ற இன்னொருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணல் அம்பேத்கர். ஒருவர் திரும்பிப்போன ஊரில் அவருக்கு டென்னிஸ் கிளப்பின் கதவு திறக்கவில்லை. இன்னொருவர் பரோடாவுக்குத் திரும்பிப்போனபோது தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது சம்பவம் நடந்ததும் 1917இல்தான். பல ஆண்டுகள் கழித்து, 1946இல், அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டு எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டார். நான் இங்கே நின்று பால்டிமோரைப் பற்றிப் பேசுவதற்கு அந்தக் கடிதமே போதுமான நியாயம்.

'உங்களுக்குத்தான் தனிச் சங்கம் இருக்கிறதே'

தனிச் சங்கம் கட்டியது சரியா என்ற கேள்வி முக்கியமானது. இன்றைக்கும் நம்மிடம் கேட்கிறார்கள். 'நீங்களே தனி அமைப்பு, தனி விழா, தனிப் பதிப்பகம் என்று பிரிந்து நிற்கிறீர்களே, பிறகு ஏன் பிரிவினையைக் குறை சொல்கிறீர்கள்?' 1929இல் நடந்ததைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அந்த ஆண்டு ரெஜினால்டு வியர், ஜெரால்டு நார்மன் ஜூனியர் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் நியூயார்க்கில் நடந்த தேசிய இளையோர் உள்ளரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணமும் கட்டினார்கள். வியர் நியூயார்க் சிட்டி கல்லூரி அணியின் தலைவர். ஆட வந்தபோது இருவரையும் அனுமதிக்கவில்லை. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் இதை எதிர்த்து எழுதியது. தேசிய டென்னிஸ் சங்கம் பதில் சொன்னது. அந்தப் பதிலின் சாரம் இதுதான்: கறுப்பின மக்களை நாங்கள் தாழ்வாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பது எங்கள் கொள்கை. அவர்களுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. இரு தரப்புக்கும் தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிப் போட்டிகள் என்ற நடப்பு முறையே தொடரட்டும்.

பார்த்தீர்களா? நாற்பது வருடங்களுக்கு மேல் கதவைச் சாத்தி வைத்தார்கள். வெளியே நின்றவர்கள் வெயிலிலும் மழையிலும் நிற்க முடியாமல் ஒரு கூரை போட்டுக்கொண்டார்கள். பிறகு அந்தக் கூரையைக் காட்டி, 'உனக்குத்தான் வீடு இருக்கிறதே, எதற்கு என் கதவைத் தட்டுகிறாய்' என்கிறார்கள்.

ஆனால் கதவைத் தட்டிய அந்த இரு இளைஞர்கள் யார்? கறுப்பர் சங்கத்தின் போட்டிகளில் வளர்ந்தவர்கள். நார்மனின் தந்தை அந்தச் சங்கத்தின் முன்னணி நிர்வாகி. தனிச் சங்கம் கட்டியவர்கள் தனியாகவே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தால் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். தனிச் சங்கம் அவர்களுக்குப் பயிற்சிக் களம். அங்கே வலுவைச் சேர்த்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு வந்தார்கள். ஒதுக்கியவன் சொல்லும் 'தனி'யும் ஒதுக்கப்பட்டவன் கட்டும் 'தனி'யும் ஒன்றல்ல. ஒதுக்கியவன் இருக்கிற ஏற்பாட்டைக் காப்பாற்றச் சொல்கிறான். மற்றவன் அதை உடைக்கத் தேவையான ஆளையும் பணத்தையும் நம்பிக்கையையும் திரட்டக் கட்டுகிறான். தனி அமைப்பு எதற்கு என்று இனி யாராவது கேட்டால் இந்த இரு இளைஞர்களை நினைவில் வையுங்கள்.

அந்தச் சங்கத்திலும் குறைகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அதைத் தொடங்கியவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், கல்லூரி படித்தவர்கள் இருந்தார்கள். மட்டைக்கும் பந்துக்கும் பணம் வேண்டும், ஆட ஓய்வு நேரம் வேண்டும். பருத்திக் காட்டில் வேலை செய்தவருக்கு இரண்டும் இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேலே வந்தவர்கள்தான் முதலில் களத்துக்கு வர முடிந்தது. ஆனால் களம் என்று ஒன்று உருவான பிறகு, அதில் மற்றவர்களும் வந்தார்கள். ஓரா வாஷிங்டன் அப்படி வந்தவர். பிலடெல்பியாவில் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண். 1929 முதல் 1935 வரை தொடர்ச்சியாக ஏழு முறையும், 1937இல் ஒரு முறையும், ஆக எட்டு முறை கறுப்பர் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். கூடைப்பந்திலும் பெயர் பெற்றவர்.

அதே காலத்தில் வெள்ளையர் பக்கம் ஹெலன் வில்ஸ் மூடி விம்பிள்டனில் எட்டுப் பட்டங்களும், அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஏழு பட்டங்களும் வென்றார். உலகின் தலைசிறந்த வீராங்கனை என்று புகழப்பட்டார். அவரும் ஓராவும் ஒரு முறைகூட மோதியதில்லை. மோத விடவில்லை. சாதனைப் புத்தகத்தில் ஹெலனின் பெயருக்கு நேராக உள்ள எண்கள் பொய் அல்ல, அவர் ஆடி வென்றவைதான். ஆனால் யாரை எதிர்த்து ஆடி வென்றவை என்ற கேள்வியை அந்த எண்கள் சொல்வதில்லை. 'எல்லோரையும் வென்றவர்' என்று எழுதும்போது அந்த 'எல்லோர்' யார் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே போன பிறகு

1940 ஜூலையில் ஹார்லெமில் உள்ள கறுப்பர்களின் காஸ்மோபாலிட்டன் கிளப்பில் ஒரு காட்சிப் போட்டி. ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றிருந்த டான் பட்ஜ், கறுப்பர் சங்கத்தின் சாம்பியன் ஜிம்மி மெக்டேனியலோடு ஆடினார். 6-1, 6-2 என்று பட்ஜ் வென்றார். இதைப் பார்த்து, 'பாருங்கள், தரம் குறைவுதானே' என்று சொல்லிவிடலாம். வலுவானவர்களோடு வாழ்நாளெல்லாம் ஆட விடாமல் வைத்திருந்து, ஒரே ஒரு நாள் ஆட விட்டுத் தரத்தை அளப்பது என்ன அளவை? மெக்டேனியலுக்கு அந்த ஒரு மாலை கிடைத்தது. பட்ஜுக்கு ஆண்டு முழுவதும் சிறந்த எதிராளிகள் கிடைத்தார்கள்.

அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1950இல், ஆல்தியா கிப்சன் ஃபாரஸ்ட் ஹில்ஸில் காலெடுத்து வைத்தார். குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த பெண். அவருக்கு காஸ்மோபாலிட்டன் கிளப்பினர் பணம் திரட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஹூபர்ட் ஈட்டன், வால்டர் ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின மருத்துவர்கள் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்து, தங்கள் சொந்த ஆடுகளத்தில் ஆட வைத்துப் படிக்கவும் வைத்தார்கள். 1947 முதல் பத்து ஆண்டுகள் கறுப்பர் சங்கத்தின் பட்டம் அவருடையது. அப்படியும் தேசியப் போட்டிக்கு அழைப்பு இல்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளையினப் பெண், ஒரு டென்னிஸ் இதழில் தன் சொந்தச் சங்கத்தையே வெட்கப்படும்படி எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. பிறகு கிப்சன் 1957, 1958 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் பட்டத்தையும் அமெரிக்கத் தேசியப் பட்டத்தையும் வென்றார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முடியவில்லை. 1959இல், கிப்சன் இரண்டாம் முறை வென்று ஓராண்டுகூட ஆகாத நிலையில், அதே ஃபாரஸ்ட் ஹில்ஸ் கிளப்பில் ஒரு கறுப்பின இளைஞர் உறுப்பினராகச் சேரக் கேட்டார். கறுப்பர்களையும் யூதர்களையும் சேர்ப்பதில்லை என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார். அந்த இளைஞரின் தந்தை ரால்ப் பஞ்ச். ஐக்கிய நாடுகள் அவையின் உயர் அதிகாரி, அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். நாடே கொந்தளித்தது, கிளப் தலைவர் பதவி விலகினார், கிளப் இறங்கி வந்தது. இங்கே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதை: கறுப்பினப் பெண் அந்தப் புல்தரையில் பட்டம் வெல்லலாம். கறுப்பின இளைஞர் அந்தக் கிளப்பில் உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கூடாது. ஒருவரை மேடையில் ஏற்றிக் கைதட்டுவதும், அவருடைய மக்களைச் சமமாக உட்கார வைப்பதும் வேறு வேறு. நம் ஊரிலும் ஒருவரைக் காட்டி, 'இதோ உங்கள் ஆள் வந்துவிட்டாரே' என்று கணக்கை முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு.

டிரூயிட் ஹில் பூங்காவின் கதையும் அப்படித்தான். 1917இல் கறுப்பின மக்களின் தேசியப் போட்டி நடந்த அதே பூங்காவில், 31 ஆண்டுகள் கழித்தும் வெள்ளையருக்குத் தனி ஆடுகளம், கறுப்பருக்குத் தனி ஆடுகளம். 1948 ஜூலை 11 அன்று, கறுப்பரும் வெள்ளையருமான இளைஞர்கள் வெள்ளையர் ஆடுகளத்தில் ஒன்றாக இறங்கினார்கள். பால்டிமோர் டென்னிஸ் கிளப்பின் கறுப்பின ஆட்டக்காரர்களும், மேரிலாந்து இளம் முற்போக்காளர்கள் என்ற அமைப்பினரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நூற்றுக்கணக்கானோர் பார்க்கக் கூடியிருந்தார்கள். காவல்துறை வந்தது. இருபதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. டென்னிஸ் ஆடியதற்கு! ஏழு பேர்மீது அமைதியைக் குலைக்கச் சதி செய்ததாகத் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. சமத்துவப் போராளி என்று யாரும் சொல்லிவிட முடியாத பத்திரிகையாளர் ஹெச்.எல். மென்கென்கூட, குடிமக்கள் தங்கள் பொதுப் பூங்காவில் சேர்ந்து ஆடுவதைத் தடுக்க இவர்கள் யார் என்று கேட்டு எழுதினார். நகரத்தின் பூங்காக்கள் எல்லோருக்கும் திறந்தது 1956இல். அதற்கு நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

1917இல் ஆடியவர்கள் சங்கம் கட்டினார்கள். 1929இல் விண்ணப்பம் போட்டார்கள். 1948இல் கைதானார்கள். 1950இல் உள்ளே போனார்கள். இவற்றில் எது பலன் தந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சங்கம் இல்லாவிட்டால் கிப்சன் இல்லை. மறியல் இல்லாவிட்டால் பூங்கா இல்லை. நமக்குள்ளே அடிக்கடி ஒரு சண்டை நடக்கும். அமைப்புக் கட்டுவதா, வழக்குப் போடுவதா, தெருவில் இறங்குவதா என்று. ஒன்றைச் செய்பவர் மற்றதைச் செய்பவரைச் சமரசவாதி என்பார், அல்லது சாகசவாதி என்பார். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சண்டையில் நாம் வீணாக்குகிற நேரம் அதிகம்.

புத்தகத்தில் இல்லாதவர்கள்

கடைசியாக ஒன்று. மருத்துவர் வால்டர் ஜான்சனிடம் பயிற்சி பெற்ற இன்னொரு சிறுவன் ஆர்தர் ஆஷ். 1968இல் அமெரிக்க ஓப்பனும் 1975இல் விம்பிள்டனும் வென்றவர். ஜான்சன் தன் மாணவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். எதிராளி அடித்த பந்து கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்ததாகவே எடுத்துக்கொண்டு ஆடு. நடுவரோடு வாதாடாதே. முகம் சுளிக்காதே. ஏன்? ஒரு கறுப்பினச் சிறுவன் ஒரே ஒரு முறை கோபப்பட்டால் போதும், அதைக் காரணம் காட்டி எல்லாச் சிறுவர்களையும் வெளியே தள்ளிவிடுவார்கள். வெள்ளையினச் சிறுவனுக்குக் கோட்டுக்குள் ஆடினால் போதும். இவனுக்குக் கோடே அகலமாகப் போடப்பட்டிருந்தது. இரண்டு பேரின் வெற்றியையும் ஒரே அளவுகோலால் அளந்து தகுதி என்று எழுதுகிறோம்.

அந்த ஆஷ், கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது போதிய நூல்கள் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1988இல் மூன்று தொகுதிகளாகத் தானே வெளியிட்டார். பட்டம் வென்றவர்தான் பட்டியலையும் எழுத வேண்டியிருந்தது.

தோழர்களே, நீங்கள் பட்டியல்களைப் படிக்கிற தலைமுறை. எல்லா எண்ணும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. 1917இன் பெண்கள் பிரிவில் தேசிய அளவில் வென்றது யார் என்று தேடினால் முதலில் மோலா பியூர்ஸ்டெட் வருவார். லூசி ஸ்லோவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அவர் வேறு பட்டியலில் இருப்பார். அந்த இரண்டாவது பட்டியலையும் தேடுகிற பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் மட்டுமல்ல, இலக்கியத்தில், இசையில், அறிவியலில், உங்கள் கல்லூரியின் பழைய மாணவர் பலகையில். ஒரு சாதனையைப் பார்த்தவுடன், அந்த ஆண்டில் யார் யாரை ஆட விட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் பொது நிலத்தில் நடக்கும் ஆடுகளங்களில் யார் உறுப்பினர், எப்படி உறுப்பினர் ஆனார்கள், நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே மட்டை பிடித்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். விடை திருப்தியாக இல்லை என்றால் என்ன செய்யலாம் என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.